முலாம் பூசுவதற்கு முன்: வடசென்னைப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் மரவேலை, படகுவேலை, இரும்புப் பட்டறை, முலாம், மெருகு ஆகிய தொழில்களைச் செய்துவரும் பெருமக்களுக்கும், பழம்பொருள் வாங்கி விற்கும் வணிகர்களுக்கும்,

ஏறத்தாழ 1930-க்கு முன் செய்யப்பட்ட மரத்தண்டு கோல்ஃப் மட்டை ஒன்று பழுதுபார்ப்புக்காகப் பட்டறைக்கு வரும்போது, அதைப் புதியதுபோல் பளபளக்கச் செய்து தருவதே நல்ல வேலை என்னும் எண்ணம் வாடிக்கையாளரிடமும் வேலையாளரிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தால் மட்டை இழப்பது என்ன, எதையும் இழக்காமல் அதைச் சீர்செய்யும் வழி எது, அவ்வழிக்கு வேண்டிய கைத்திறன் வடசென்னையில் எவரெவரிடம் முன்னமே இருக்கிறது என்பவற்றை எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம். கிண்டியிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் ஆடப்பட்ட ஆட்டத்தின் கருவியைப் பற்றித் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளுக்கு எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். அக்கருவி உடையும்போதும் துருப்பிடிக்கும்போதும் வந்து சேரும் இடம் பட்டறைதான் என்பதும், அதைக் காக்கவோ அழிக்கவோ வல்லவை பட்டறைக் கைகள்தாம் என்பதும் அதற்கு விடையாகும்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிய பந்து ஒன்றை அடித்து அடித்து நெடுந்தொலைவிலுள்ள குழியில் சேர்ப்பது கோல்ஃப் ஆட்டம். அதற்கான மட்டை, பந்தைத் தாக்கும் தலை, கையையும் தலையையும் இணைக்கும் நீண்ட தண்டு, கை பற்றும் தோல்பிடி என மூன்று உறுப்புகளால் ஆனது. தலை மரத்தாலானதாகவோ, உலையில் காய்ச்சி அடித்த இரும்பாலானதாகவோ இருக்கும். தண்டு, வட அமெரிக்காவில் வளரும் ஹிக்கரி என்னும் மரத்தாலானது. நார் நேராக ஓடுவதும், வளைத்து விட்டால் முறியாமல் பழைய நிலைக்கு மீள்வதும் அம்மரத்தின் சிறப்பு. பிடி, கம்பளித்துணி சுற்றிய தண்டின் மேல் ஆட்டுத்தோல் வாரைச் சுருளாகச் சுற்றி அமைக்கப்பட்டது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பிணைப்பவை பசை, ஆணி, நூல் ஆகியவையே. இம்மடலில் பெரும்பகுதி இப்பிணைப்புகளைப் பற்றியது, ஏனெனில் பழைய மட்டைகளில் முதலில் கெடுவதும் தவறாகச் சரிசெய்யப்படுவதும் அவையே.

இனி அது நம் கரைக்கு வந்த வழியைப் பார்ப்போம். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் மன்றங்களுள் மிகப் பழையதாகிய கல்கத்தா மன்றம் 1829-இல் அமைந்தது. பெங்களூரில் 1876-இலும், கொடைக்கானலில் 1895-இலும் மன்றங்கள் ஏற்பட்டன. சென்னையில் 1884-இல் தொடங்கப்பட்ட ஜிம்கானா மன்றத்தின் ஆடுகளம் கிண்டிக் குதிரைப்பந்தயத் தடத்தின் உள்வட்டத்தில் அமைந்தது. அக்காலத்தில் சென்னைக்குக் கடல்வழி வந்த சரக்கு எல்லாம் இன்றைய வடசென்னைக் கரையை ஒட்டித்தான் இறங்கியது. 1875-இல் கட்டத் தொடங்கிய துறைமுகம் முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட வேண்டியிருந்ததால், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கையும் மனிதரையும் கொண்டுவரும் பொறுப்பு மசூலாப் படகுகளிடமும் அவற்றைச் செலுத்திய மீனவரிடமும் நெடுங்காலம் இருந்தது. அங்கிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் தொடங்கியது. ஆகவே பழைய மட்டை ஒன்று இன்று இராயபுரத்துப் பட்டறைக்கு வருவது, அது வந்து இறங்கிய கரைக்கே திரும்பி வருவதாகவும் இருக்கக்கூடும்.

மரத்தண்டின் காலம் திடீரென முடிந்தது. அக்காலத்தில் ஆட்ட விதிகளை வகுத்துவந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 1929-இல் எஃகுத் தண்டுக்கு இசைவளித்தது. அமெரிக்க அமைப்பு அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இசைந்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹிக்கரி மட்டைகள் பரணுக்கும் கிடங்குக்கும் போயின, பின்னர் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. மரத்தலை மட்டும் எஃகுத் தண்டோடு சேர்ந்து இன்னும் அரை நூற்றாண்டு நிலைத்தது. உலோகத்தால் வார்த்த தலைகள் 1979-க்குப் பின் பரவியபோது அதற்கும் முடிவு வந்தது. மரத்தலையும் மரத்தண்டும் உள்ள மட்டை, மரத்தலையும் எஃகுத் தண்டும் உள்ள மட்டை என்னும் இவ்விரண்டையும் பார்த்த அளவில் பிரித்தறிந்தால், வேலையைத் தொடங்குமுன்பே அதன் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

இம்மட்டைகளைச் செய்தவர் யார் என்பதையும் பட்டறைகள் அறிந்திருத்தல் நன்று. ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1502-இல் பெர்த் நகரத்து வில் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் மட்டைகளை வாங்கியது அரசுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. வளைந்து மீளும் மரத்தைத் தேர்ந்தறியும் திறன் வில்லாளரிடம் இருந்ததே அதற்குக் காரணமாகலாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெயர்பெற்ற ஹியூ ஃபில்ப் தச்சுத்தொழிலிலிருந்து வந்தவர். இரும்புத் தலைகளை அடித்தவர்கள் கொல்லர்கள். அவர்கள் தங்கள் வேலைக்கு அடையாளமாகத் தலையின் பின்புறத்தில் சிறு முத்திரை குத்தினர். டாம் ஸ்டூவர்ட் புகைக்குழாயையும், கிங்ஹார்ன் ஊரின் கிப்சன் நட்சத்திரத்தையும், லெவன் ஊரின் நிக்கோல் கையையும், காண்டி ரோசாப்பூவையும் முத்திரையாகக் கொண்டனர். மன்றத்தில் ஆடியவர் எவராயினும், அம்முத்திரை உலைக்களத்தில் நின்ற ஒருவரின் கையொப்பம் ஆகும். தொழிலாளரின் பெயர் பொருளில் எஞ்சுவது எவ்வளவு அரிது என்பதை வடசென்னைத் தொழிலாளர் அறிவர்.

அம்முத்திரையைத்தான் பஃபிங் சக்கரம் முதலில் அழிக்கிறது. எமரி பூசிய சக்கரம் சுழலும் வேகத்தில், துரு நீங்குவதற்குள் முத்திரையின் மேல்விளிம்பு மழுங்குகிறது. தலையின் முகத்தில் கையால் வெட்டிய கோடுகளும், குத்திய புள்ளிகளும் ஆழம் குறைகின்றன. கழுத்தின் மேல்விளிம்பில் அரத்தால் வெட்டிய சிறு பற்கள் சமமாகின்றன. முகம் முழுவதும் வழவழப்பாக இருந்தால் அம்மட்டை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கோடும் புள்ளியும் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று காலம் கணிப்பவர்கள் கொள்வதால், கோடுகளைத் தேய்ப்பது பொருளின் வயதையே பொய்யாக்குவதாகும். அதன்மேல் நிக்கல், குரோமியம் முலாமும் பூசிவிட்டால், குரோமியம் பரவாத காலத்துப் பொருள் எக்காலத்துக்கும் உரியதல்லாத ஒன்றாகிவிடும். முலாமை நீக்கலாம், முலாமுக்கு முன் சக்கரம் தின்ற இரும்பை மீட்க இயலாது.

பழைய இரும்புத் தலைகள் பளபளப்பாக இருந்ததில்லையா என்று முலாம் பூசுவோர் கேட்பர், கேள்வி நியாயமானதே. துருப்பிடிக்கா எஃகு வருவதற்கு முன், ஆட்டம் முடிந்ததும் மட்டைகளைச் சுமந்து செல்லும் பணியாளர்கள், கேடி எனப்படுவோர், எமரித் துணியால் தலைகளைத் தேய்த்துத் துடைப்பது வழக்கமாக இருந்தது. அத்தேய்ப்பு கையால் செய்யப்பட்டது. பல ஆண்டுகளில் அது இரும்பில் விட்டுச்சென்ற மெல்லிய கீறல்களும் மழுக்கமும் மட்டையின் வரலாற்றில் அடங்கியவை, அவ்வரலாற்றில் பெயர் தெரியாத பணியாளரின் உழைப்பே பெரும்பங்கு. புதிதாகச் சக்கரத்தில் இடுவது அவ்வுழைப்பின் தடத்தையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

பழையதைச் சீர்செய்வதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி ஒன்று உண்டு. 1964-இல் வெனிஸ் நகரில் கட்டடப் பாதுகாவலர் கூடி இயற்றிய சாசனம், சான்று தீர்ந்து ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்தது பழையதிலிருந்து பிரித்தறியத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. இத்துடன் பிற்காலத்தார் சேர்த்த மற்றொன்று, இன்று செய்யும் வேலையை நாளை மற்றொருவர் பழுதின்றிக் கழற்ற இயல வேண்டும் என்பது. கட்டடத்துக்கென எழுந்த இந்நெறி கைப்பொருளுக்கும் அப்படியே பொருந்தும். இது மேலைநாட்டாருக்கே உரிய நுட்பம் என்று தயங்க வேண்டியதில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்கியது, அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் பழைய செப்புத் திருமேனிகளின் களிம்பை நீக்கி உருவை மீட்கும் ஆய்வுகளைச் செய்தார். மின்பகுப்பு என்பது, காரக் கரைசலில் பொருளை எதிர்முனையாக வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் களிம்பைத் தளர்த்துவது. வடசென்னை முலாம் பட்டறைகளிடம் தொட்டியும் மின்திருத்தியும் முன்னமே இருப்பதால், இம்முறையை மட்டைத் தலைக்கும் கையாளலாமே என்ற எண்ணம் எழும். தலை தண்டிலிருந்து ஏற்கெனவே கழன்றிருந்தால் மட்டுமே அது தகும். காரம் மரத்தைத் தின்னும், தொட்டியில் இடுவதற்காகவே தண்டைக் கழற்றுவது பெருங்கேடு.

பெரும்பாலான இரும்புத் தலைகளுக்கு அவ்வளவு வலிய முறை தேவைப்படுவதுமில்லை. மிக நுண்ணிய எஃகுக் கம்பளியை மெல்லிய எண்ணெயில் நனைத்துக் கையால் தேய்த்தால், புறத்தே தளர்ந்திருக்கும் செந்துரு அகன்று, அடியில் இறுகிய கரும்படலம் நிற்கும். அக்கரும்படலம் இரும்புக்குக் காப்பாக அமைந்திருப்பதால் அதை அகற்றக் கூடாது. ஆழக் குழிந்த துருவுக்கு, பாதுகாப்பு நிலையங்கள் டானிக் அமிலம் என்னும் துவர்ப்பொருளின் கரைசலைப் பூசுகின்றன. அது செந்துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கருநிறப் படலமாக மாறுகிறது. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ளது அதே இனத்துத் துவர்தான் என்றாலும், காய்ச்சிய சாறு அளவுக்கு அடங்காதாகையால் தூய அமிலத்தையே கொள்வது நல்லது. இறுதியில் மெழுகு பூச வேண்டும்.

இங்கே எண்ணூர், திருவொற்றியூர்க் காற்றைக் கருத வேண்டியிருக்கிறது. கடலின் உப்பு, துருவின் உட்புறத்தில் குளோரைடாகத் தங்கி, மேலே எவ்வளவு துடைத்தாலும் அடியில் அரிப்பைத் தொடரச் செய்யும். இங்கே நெடுநாள் கிடந்த மட்டையைச் சுத்தம் செய்து மூன்று மாதத்தில் மீண்டும் துரு பொங்குவது வேலையாளரின் குறையன்று, உப்பின் செயல். உப்பற்ற வடிநீரில் நனைத்த பஞ்சால் தலையைப் பலமுறை ஒற்றி எடுத்து, உடனுக்குடன் உலர்த்தி, பின்னரே மெழுகிட வேண்டும். கிணற்றுநீரும் குழாய்நீரும் ஆகா.

இனிப் பிணைப்புக்கு வரலாம். வடசென்னை மற்றெவருக்கும் கற்றுக்கொடுக்கத் தக்க பகுதி இதுவே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலான மரத்தலைகள் தண்டோடு சாய்வெட்டால் இணைக்கப்பட்டன. அதாவது தலையின் கழுத்தையும் தண்டின் நுனியையும் ஒரே சாய்வில் நீளச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, வஜ்ஜிரம் என்று தச்சர் வழங்கும் தோல், எலும்புப் பசையால் ஒட்டி, அதன்மேல் கீல் பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றினர். தலையில் துளையிட்டுத் தண்டைச் சொருகும் முறை அதன்பின் வந்தது; அதிலும் கழுத்தின்மேல் நூல்சுற்று தொடர்ந்தது. ஆணி, திருகாணி, உலோக வளையம் ஆகியவற்றைக் கையாள அறிந்த கைவினைஞர் ஏன் நூலை நம்பினர் என்ற கேள்விக்கு விடை சென்னைக் கடற்கரையிலேயே இருந்தது. மசூலாப் படகில் ஓர் ஆணியும் இல்லை; பலகைகளைத் துளையிட்டுத் தென்னைநார்க் கயிற்றால் தைத்திருப்பர், குறுக்குச் சட்டங்களும் இரா. ஆணியடித்த ஐரோப்பியப் படகு சென்னையின் அலைமோதலில் கரையில் மோதினால் ஆணி நிற்கும், பலகை பிளக்கும். தைத்த படகோ ஒவ்வொரு தையலிலும் சிறிது நெகிழ்ந்து, மோதலின் விசையை உடல் முழுவதும் பரப்பிவிடும். கோல்ஃப் மட்டையின் கழுத்தும் இத்தகைய மோதலைத்தான் ஒவ்வோர் அடியிலும் தாங்குகிறது. கணப்பொழுதில் வரும் விசையைத் துளையொன்றிலோ ஆணியொன்றிலோ குவியவிடாமல், நூலின் ஒவ்வொரு சுற்றும் சிறிது ஏற்றுக்கொள்வதால் மரம் பிளவாமல் பிழைக்கிறது.

ஆகையால் தளர்ந்த கழுத்தில் திருகாணி ஏற்றுவதும், உலோகப் பட்டை மாட்டி ரிவிட் அடிப்பதும், பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும், அடுத்த சில அடிகளிலேயே மரத்தை ஆணி வழியே பிளக்கச் செய்யும். நூல்சுற்றைப் புதுப்பிப்பதே உரிய வழி. நூலின் ஒரு நுனியைக் கண்ணியாக மடித்துக் கழுத்தோடு கிடத்தி, அதன்மேல் இறுக்கமாகவும் இடைவெளியின்றியும் சுற்றிக்கொண்டே வந்து, இறுதி நுனியைக் கண்ணிக்குள் விட்டு, மறுமுனையை இழுத்து முடிச்சைச் சுற்றின் அடியில் மறைக்கும் முறையைக் காசிமேட்டில் கயிற்றுநுனி பிரியாமல் கட்டும் எவரும் சொல்லாமலே செய்வர். தச்சரும் மீனவரும் ஒரே பட்டறையில் அமர்ந்து இவ்வேலையைச் செய்தால், மட்டைக்கு வேண்டிய பாதித் திறன் அங்கே கூடிவிடும். நைலான் நரம்பைத் தவிர்க்க வேண்டும். அது வழுக்கும், காலப்போக்கில் நீளும். மெழுகேற்றிய சணல் அல்லது லினன் நூலே தகுந்தது.

பசையில் பட்டறைகள் இன்னும் கவனம் கொள்ள வேண்டும். வஜ்ஜிரம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகுவது அதன் குறை என்று கருதி, எங்கும் எபாக்சியைத் தடவுவது இன்று வழக்கமாகிவிட்டது. இளகுவதே வஜ்ஜிரத்தின் நற்பண்பு. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் பழைய இணைப்பு நார் கிழியாமல் பிரியும், மீண்டும் ஒட்டலாம். எபாக்சியைப் பிரிக்கும் நாளில் மரமும் உடன் பெயரும். காட்சிக்கும் பாதுகாப்புக்கும் உரிய மட்டையில் எபாக்சி கூடவே கூடாது. பழைய மட்டையைக் கொண்டே ஆட விரும்புவோர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பெருகியிருக்கின்றனர், இந்தியாவிலும் சிலர் அவ்வாறு விரும்பலாம்; அவர்களுக்கான மட்டையில், தலை பறந்து பிறர்மேல் படாதிருக்க, சொருகிய இணைப்புக்குள் எபாக்சி இடுவதைக் குறைகூற இயலாது. எந்த வகை வேலை என்பதைப் பொருளுக்கு உரியவரிடம் கேட்டறிந்த பின்னரே பசைக்குப்பியைத் திறக்க வேண்டும்.

இரும்புத் தலையில் தண்டு ஒரு குழலுக்குள் சொருகப்பட்டு, குறுக்கே ஒரு சிறு இரும்பாணி அடிக்கப்பட்டிருக்கும்; ஆணியின் இரு முனையும் அரத்தால் சமமாக்கப்பட்டிருப்பதால் துருவின் அடியில் அது தெரியாது. அதைக் காணாமல் தலையை முறுக்கி இழுப்பவர் தண்டின் நுனியை உடைத்துவிடுகிறார். சாய்வெளிச்சத்தில் ஆணியின் வட்டத்தைக் கண்டு, மெல்லிய துளையூசியால் தட்டி வெளியேற்றி, குழலை மிதமாகச் சூடேற்றிய பின்னரே தண்டு கழலும். தலை ஆடாமல் இருந்தால் இவை எவற்றையும் செய்யாமல் விடுவதே மேல்.

வளைந்த தண்டை நிமிர்த்துவது வெப்பத்தால் ஆகும். தண்டில் எண்ணெய் தடவி, வளைவின் இருபுறமும் ஸ்பிரிட் விளக்கின் மேல் விடாது அசைத்துச் சூடேற்றி, நேர்நிலைக்குச் சற்று அப்பால் எதிர்ப்புறம் வளைத்து, ஆறும்வரை பிடிக்க வேண்டும். சிலம்பக் கம்பை அனலில் வாட்டி நிமிர்த்தும் ஆசான்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. தண்டு முறிந்தே போயிருந்தால் மாற்றுமரம் தேட வேண்டும். அமெரிக்க ஹிக்கரியை வரவழைப்பது செலவு மிக்கது. சடச்சி என்று தமிழிலும் தாமன் என்று வட இந்தியாவிலும் வழங்கும் நம் காட்டுமரம், வில்லுக்கும் துடுப்புக்கும் கருவிக் கைப்பிடிக்கும் நெடுங்காலம் பயன்பட்ட மீள்திறன் கொண்டது, ஹிக்கரிக்கு ஈடாகவும் கருதப்பட்டது. ஈடு வைக்கும்போது அது ஈடு என்பது மறைக்கப்படக் கூடாது. பிடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், மரத்தின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவைப்பது போதும்.

மரத்தலை பற்றி ஒரு செய்தி மீனவக் குடும்பங்களுக்கு மகிழ்ச்சி தரும். மலேயாக் காட்டுமரத்தின் பாலிலிருந்து செய்த கட்டிப்பந்து 1848 அளவில் வந்தபின், அதன் கடினத்தால் மெல்லிய பழைய தலைகள் விரைந்து உடையலாயின. காலப்போக்கில் தலைகள் குட்டையாகித் திரண்டன, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்சிமன் என்னும் அமெரிக்க மரம் அவற்றுக்கு ஏற்றதாகக் கொள்ளப்பட்டது. அம்மரம் கருங்காலிக்கு நெருங்கிய உறவு. பனிச்சை மரத்துக்கும் அது அவ்வாறே உறவு. பனிச்சங்காயின் துவர்ச்சாறு நைலானுக்கு முந்திய வலைகள் அழுகாமல் காக்கவும், படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கவும் பயன்பட்டது. வலைக்குச் சாயமேற்றிய மரமும், மட்டைத் தலையான மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

அத்தகைய தலையை உப்புத்தாளால் தேய்க்கலாகாது. அடிப்புறத்துப் பித்தளைத் தகட்டையும், பின்புறத்தில் ஊற்றிய ஈயத்தையும் கழற்றாமல், டர்பென்டைன் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுத்தால், பழைய அரக்கு மெருகு பெரும்பாலும் அடியில் பிழைத்திருக்கும். ஈயத்தைச் சுரண்டும் பழக்கத்தை உடல்நலம் கருதியும் விட்டொழிக்க வேண்டும். மெருகு இல்லாத இடத்தில் மட்டும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய பூச்சாக, பலமுறை, உலர விட்டு உலர விட்டு இட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதைச் செய்யாதிருப்பதே அறிவுடைமை. காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி மெருகு வெளிறும். தண்டுக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். மரத்தூள் நிறைந்த பட்டறைகளில் அத்துணியை விரித்து உலர்த்துவதோ நீரில் அமிழ்த்துவதோ கட்டாயம்.

பிடித்தோலுக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னையிலிருந்து இங்கிலாந்துச் சந்தைக்குப் பெருமளவில் சென்ற காலம் ஒன்று இருந்தது. மாதவரமும் பல்லாவரமும் அத்தொழிலின் இடங்களாக இருந்தன. குரோம் முறையில் பதனிட்ட இன்றைய தோல் வழவழப்பாகவும் நீளக்கூடியதாகவும் இருப்பதால் சுருள்பிடி தளர்ந்துவிடும். பட்டையில் பதனிட்ட தோல் சுற்றிய நிலையிலேயே இறுகி நிற்கும். அது வெளிச்சத்தில் நாளடைவில் சிவக்கும் இயல்புடையது என்பதால், முதல்நாள் நிறத்தைப் பழைய பிடியோடு ஒப்பிட்டுச் சாயம் ஏற்றத் தேவையில்லை. இரு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவான வாராக வெட்டி, விளிம்பைச் சீவி மெலிதாக்கி, நுனியில் சிறு ஆணியால் பொருத்தி, இழுத்துச் சுற்றி, மறுநுனியை நூல்சுற்றால் கட்டிவிட்டால் பிடி முடிந்தது. பழைய தோல் கிழிந்திருந்தாலும் எறியாமல் உறையிலிட்டுத் தர வேண்டும்.

இவ்வாறு செய்த வேலை பளபளக்காது. பெருந்தொகை வாங்கிக்கொண்டு மட்டையைக் கறுத்தபடியே திருப்பித் தந்தார்கள் என்று வாடிக்கையாளர் மனங்குறைவது உறுதி, அதனால் பட்டறைகள் தயங்குவதும் இயல்பு. ஆனால் திருவொற்றியூர் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் தொழிற்சாலையில் எண்ணெய்த்தொட்டியின் பொன்வரிகளைக் கையால் இழுத்துவந்த வழக்கத்தை உலகம் முழுவதிலுமுள்ள வாகனப் பிரியர்கள் விலைகொடுத்துப் போற்றுகிறார்கள். அவ்வரியில் கையின் நடுக்கம் தெரிவதையே அவர்கள் மதிக்கிறார்கள். அதே மதிப்பைத் தொடப்படாத துருப்படலத்துக்கும் பழைய கீறலுக்கும் பெற்றுத்தர, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த நிழற்படங்களே போதும். கூலியை மெருகின் அளவால் அன்றி நேரத்தின் அளவால் கணக்கிட்டுச் சொல்வது இருவருக்கும் நன்மை. மட்டையை ஆராய்ந்து, எதையும் செய்ய வேண்டாம் என்று முடிவு கூறும் வேலைக்கும் கூலி உண்டு என்பதைத் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும்.

பழம்பொருள் வணிகர்களிடம் வேண்டுவது ஒன்று: மரத்தண்டு மட்டையைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவதும், தண்டை முறித்துத் தலையை மட்டும் விற்பதும் நிற்க வேண்டும். பின்புறத்தில் முத்திரை தெரிந்தால் அதைத் தேய்த்துப் பார்க்காமல், மாவுப்பொடியும் சுண்ணாம்பும் பூசாமல், சாய்வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டால் வாங்குபவர் கேட்கும் விலையே அதன் பயனைக் காட்டிவிடும்.

பட்டறைகள் இவ்வேலையைத் தொடங்க விரும்பினால், உடைந்து விலையற்றுப்போன மட்டை ஒன்றில் முதலில் கைபழகுவதும், தொழிற்பயிற்சி முடித்து வரும் இளைஞர்களை நூல்சுற்றிலிருந்து தொடங்க வைப்பதும் ஏற்றது. வேலை முடிந்த மட்டையோடு ஒரு தாள் போக வேண்டும். வந்தபோது இருந்த நிலை, கழற்றியவை, சேர்த்தவை, பயன்படுத்திய பசை, எண்ணெய், அரக்கு, நாள், வேலை செய்தவர்களின் பெயர்கள் ஆகிய இவை அதில் தமிழில் எழுதப்பட வேண்டும். அத்தாளின் படியொன்று பட்டறையிலும் இருக்கட்டும்.

பணிவன்புடன்,
கைவினைப் பாதுகாப்பில் ஈடுபாடு கொண்டோர் சார்பில்